போன் லைனா, சிம்மா, ரேடியோவா? தூரத்து டேட்டாலாகரோடு பேச மூன்று வழிகள்

மழைமானியையும் நீர்மட்டக் கருவியையும் ஒரு டேட்டாலாகரில் இணைத்து, ஆள் அரவமில்லாத இடத்தில் கம்பம் நட்டு, பெட்டியைப் பூட்டிவிட்டு வந்தாயிற்று. லாகர் தன் பாட்டுக்கு அளந்து எழுதிக்கொண்டிருக்கும். அது எழுதுவது நம் மேசைக்கு எப்படி வந்து சேரும் என்பதுதான் அடுத்த கேள்வி. பொதுவாக மூன்று வழிகள் முன்னால் வந்து நிற்கும்: பழைய தொலைபேசி லைனில் ஒரு மோடம், சிம் போட்ட செல்லுலார் மோடம், இல்லாவிட்டால் சொந்தமாக ஒரு ஜோடி ரேடியோ.

ஒப்பிட உட்காரும் எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். அதை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 10 அளவுகளைப் பதியும் நிலையம் நாளைக்கு 96 வரிகள் எழுதும். ஓர் அளவுக்கு 2 பைட், அதோடு நேரம், பிற சில்லறை எல்லாம் சேர்த்து வரிக்கு 30 பைட் என்று வைத்தாலும் நாள் முழுக்க 3 கிலோபைட்கூட வராது. நொடிக்கு 1200 பிட் அனுப்பும் ஆதிகாலத்து மோடத்தில்கூட அது அரை நிமிட வேலை. நொடிக்கொரு பதிவு என்றால் கதை வேறு: நாளைக்கு 2.6 மெகாபைட், 9600 பிட் வேகத்தில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். கேமராப் படம் வேண்டும் என்றாலும் அப்படித்தான். இந்த இரண்டும் இல்லாத நிலையத்துக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. ஒருநாள் காலையில் அந்த நிலையம் பதில் சொல்லவில்லை. அங்கே போகாமலேயே அதை எழுப்ப முடியுமா? முடியாவிட்டால், என்ன கெட்டது என்றாவது இங்கிருந்தே தெரியுமா? எந்த உதிரிப் பாகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்பது அதைப் பொறுத்துத்தான். மூன்று வழிகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

தொலைபேசி லைன்

இன்று புதிதாக ஒரு நிலையத்துக்கு இதைப் போடச் சொல்லமாட்டேன். ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு, அவற்றை அவசரப்பட்டுப் பிடுங்கவும் சொல்லமாட்டேன். இதன் பெரிய பலம் மின்சாரச் சிக்கனம். மணி அடிக்கும்வரை மோடம் தூங்கும். அப்போது அது எடுக்கும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பில் சிறு பங்குதான். அடுத்த பலம், கோளாறைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சாதாரண போனை எடுத்து நிலையத்தின் எண்ணைச் சுழற்றுங்கள். மணி போய்க்கொண்டே இருந்து யாரும் எடுக்கவில்லை என்றால் மோடமோ அதற்கு மின்சாரமோ இல்லை. பிஸி என்றால் யாரோ லைனைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், அல்லது போன தடவை பேசிய மோடம் ரிசீவரை வைக்கவில்லை. எடுத்துக் கீச்சிட்டால் மோடம் நலம், லாகரைப் பாருங்கள். பெட்டியைத் திறக்காமல் இவ்வளவு சொல்லும் கருவி வேறு இல்லை.

அமைப்பதும் சுலபம், சில முட்களைத் தவிர. ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் தன் ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த ஏடி கட்டளைகளைத்தான் இன்றைய செல்லுலார் மோடம்கூடப் புரிந்துகொள்கிறது. நிலையத்து மோடத்தில் எஸ்0 பதிவேடு 1 என்று இருக்க வேண்டும், அப்போதுதான் முதல் மணியிலேயே எடுக்கும். அதை மோடத்தின் நினைவில் சேமிக்கவும் வேண்டும். சேமிக்க மறந்தால் மின்சாரம் ஒருமுறை போய் வந்ததும் மோடம் பேசா மடந்தையாகிவிடும். ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது 'கொஞ்சம் பொறு, இப்போது அனுப்பு' என்று தனிக் கம்பிகளில் சைகை காட்டும் ஏற்பாட்டை, அணைத்துவிடுங்கள். பல லாகர்கள் அந்தக் கம்பிகளைத் தொடுவதே இல்லை, மோடமோ அவற்றில் சைகை வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். லாகர் பக்கத்து வேகத்தைத் தானியங்கியாக விடாமல் ஓர் எண்ணில் பூட்டுங்கள்.

புதிய மோடத்துக்கு அதிவேகத்தில் கைகுலுக்க ஆசை இருக்கும். வி.34 முறையில் இரண்டு பக்கமும் லைனை அளந்து பார்த்து ஒத்துப்போக நீண்ட நேரம் ஆகும், சத்தமான லைனில் பாதியில் அறுந்தும் போகும். வேகத்தை 2400-க்கோ 9600-க்கோ கட்டிவைத்தால் சில நொடிகளில் கைகுலுக்கல் முடியும். 3 கிலோபைட் தரவுக்கு அது போதாதா? அலுவலகம் உள் தொலைபேசி அமைப்பின் வழியே போகிறது என்றால் வெளி லைனுக்கான 9-க்குப் பின் ஒரு காற்புள்ளி போடுங்கள், அது வழக்கமாக 2 நொடி பொறுக்கும். உள்லைனின் டயல் டோன் வேறு மாதிரி ஒலிப்பதால் மோடம் அதை அடையாளம் காணாமல் நிற்கலாம். அப்போது எக்ஸ்3 கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் சுழற்றும்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? சுவரில் இருக்கும் சாக்கெட் அதேதான், பின்னால் இருக்கும் லைன் அதே இல்லை. தொலைபேசி நிறுவனங்கள் செப்புக்கம்பியை விட்டு இணையத்தின் வழியே குரலை அனுப்பத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் பழைய அனலாக் வலையமைப்பை மூட 2027 ஜனவரி என்று நாள் குறித்திருக்கிறார்கள். குரலைச் சுருக்கும் ஜி.729 போன்ற முறைகள் மனிதப் பேச்சுக்கென்று வடிவமைத்தவை. மோடத்தின் கீச்சொலி அதில் உருக்குலைந்துவிடும். சுருக்காத ஜி.711 என்றால் சில சமயம் தாக்குப்பிடிக்கும், அதுவும் மெதுவான வேகத்தில். இடியும் ஒரு தொல்லை. கிலோமீட்டர் கணக்கில் நீளும் அந்தக் கம்பி மின்னலுக்கு விரித்த வலை மாதிரி. நல்ல சர்ஜ் தடுப்பும் முறையான எர்த்தும் இல்லாத இடத்தில் மோடம் போவது மட்டுமில்லை, கூடவே லாகரையும் இழுத்துக்கொண்டு போகும்.

சிம் போட்ட மோடம்

2ஜி வலையமைப்பான ஜிஎஸ்எம் வந்த காலத்தில் இதுவும் ஒரு தொலைபேசி மாதிரிதான் நடந்துகொண்டது. சிம்முக்கு டேட்டா எண் ஒன்று இருக்கும், அலுவலகத்திலிருந்து சுழற்றினால் 9600 பிட்டில் நேரடி இணைப்பு. பல வலையமைப்புகள் அந்த வசதியை நிறுத்திவிட்டன. இப்போது மோடம் இணையத்தில் ஒரு கணினி. இந்த மாற்றத்தைச் சாதாரணமாக நினைத்துத்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முன்பு நாம் கூப்பிட்டோம், லாகர் எடுத்தது. இப்போது நாம் கூப்பிடவே முடியாமல் போகலாம்.

சாதாரண சிம்மைப் போட்டால் மோடத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் உள்வட்ட முகவரிதான். 10-இல் தொடங்கும், அல்லது 100.64-இலிருந்து 100.127 வரையான வரிசையில் இருக்கும். நிறுவனம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னால் ஒளித்துவைக்கும் ஏற்பாடு இது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே யாரும் வர முடியாது. மோடத்தின் அமைப்பை எத்தனை மணி நேரம் திருகினாலும் பயனில்லை, ஏனென்றால் பூட்டு மோடத்தில் இல்லை. நானும் ஒரு முழு மதியத்தைப் போர்ட் எண்களோடு (ஒரு முகவரிக்குள் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும் எண்கள்) மல்லுக்கட்டிக் கழித்தபிறகுதான் முகவரியின் முதல் எண்ணைப் பார்த்தேன். மோடத்தின் நிலைப்பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

வழிகள் மூன்று. நிலையான பொது முகவரி கேட்டு வாங்கலாம். தனி ஏபிஎன் (செல் நிறுவனம் நமக்கென்று ஒதுக்கும் தனி நுழைவாயில்) அல்லது விபிஎன் (இணையத்துக்குள்ளேயே போடும் பூட்டிய தனிப் பாதை) மூலம் நிலையங்களையும் அலுவலகத்தையும் ஒரே உள்வலையில் கட்டலாம். அல்லது லாகரையே கூப்பிட வைக்கலாம். முதல் வழி பார்க்க எளிது, எனக்கு அதில்தான் பயம் அதிகம். பொது முகவரியில் திறந்திருக்கும் போர்ட்டை உலகம் முழுவதிலுமிருந்து யாரோ ஒருவரின் நிரல் தட்டிக்கொண்டே இருக்கும். கேம்பெல் நிறுவன லாகர்கள் பேசும் மொழியான பேக்பஸ் வழக்கமாக 6785-ஆம் போர்ட்டில் கேட்கும், தொழிற்சாலைக் கருவிகளின் பொதுமொழியான மாட்பஸ் 502-இல். மாட்பஸுக்குக் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது, எழுது என்றால் எழுதிவிடும். தட்டுபவர் உள்ளே வராவிட்டாலும் ஒவ்வொரு தட்டலும் மாத டேட்டாவில் கழியும், பேட்டரியையும் தின்னும். ஆகவே நிலையங்கள் நிறைய இருந்தால் விபிஎன், நாலைந்துதான் என்றால் லாகர் கூப்பிடட்டும் என்பது என் தேர்வு. லாகர் கூப்பிடும் முறைக்கு அலுவலகத்தில் ஒரு நிலையான முகவரியும், எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியும் போதும். வந்த இணைப்பிலேயே நாமும் லாகருக்குள் போய் நிரலை மாற்றலாம், பேக்பஸ் அதற்கு இடம் கொடுக்கிறது. வெறும் எஃப்டிபி மூலம் கோப்பு அனுப்பும் ஏற்பாட்டில் அது நடக்காது. அது அங்கிருந்து இங்கே மட்டும் போகும் அஞ்சல்.

மோடத்தை லாகரோடு இணைப்பதிலும் இரண்டு வகை உண்டு. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் கம்பியில் மோடம் வெறும் குழாயாக நிற்கலாம். அப்போது இணையப் பக்கம் வரும் பைட்டுகளை அப்படியே லாகரிடம் தள்ளும். இல்லாவிட்டால் லாகரே இணைய முகவரி வைத்துக்கொண்டு மோடத்தை ரவுட்டராகப் பயன்படுத்தலாம். பழைய லாகருக்கு முதல் வகைதான் கதி. அதில் கவனிக்க வேண்டியது ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள். சில லாகர்களின் சீரியல் வாய் கணினியோடு நேராகச் சேரும்படி அமைந்தது. மோடத்தின் வாயும் அப்படியேதான். இரண்டும் ஒரே சாதி என்பதால் நேர்க்கம்பியில் பேசமாட்டா. 2, 3 பின்களை மாற்றிப்போட்ட 'நல் மோடம்' (null modem) கேபிள் வேண்டும். பாட் ரேட், அதாவது சீரியல் கம்பியின் வேகம், இருபக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் சும்மா இருந்தால் இணைப்பை மூடும் நேரம். மோடத்தில் அதை வைக்காவிட்டால் அறுந்துபோன பழைய இணைப்பை நிஜம் என்று நம்பி, புதிதாக வருபவருக்குப் பிஸி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

சிக்னலை நம் கைபேசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைபேசி எந்த அலைவரிசையைப் பிடித்தது, மோடத்துக்கு அந்த வரிசை தெரியுமா என்பது வேறு விஷயம். மோடத்திடமே கேளுங்கள். ஏடி+சிஎஸ்க்யூ கட்டளைக்கு 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். 0 என்றால் -113 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்துச் சக்தியை அளக்கும் கணக்கு) அல்லது அதற்கும் கீழே, ஒவ்வோர் எண்ணுக்கும் 2 டிபி ஏறும், 99 என்றால் அதற்கே தெரியவில்லை. 10-க்குக் கீழே என்றால் திசை ஆண்டெனா வாங்கத் தயாராகுங்கள். எல்டிஇ, அதாவது 4ஜி என்றால் ஆர்எஸ்ஆர்பி என்ற அளவைப் பாருங்கள். -100-க்கு மேலே நிம்மதி, -110-க்குக் கீழே தூக்கம் கெடும்.

வலையமைப்பு நம் கையில் இல்லை என்பதுதான் சிம்மின் ஆதாரப் பலவீனம். அமெரிக்காவில் ஏடி&டி 2017 தொடக்கத்தில் 2ஜியை மூடியது, 2022-இல் 3ஜியை மூடியது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016-இல் 2ஜியையும் 2024-இல் 3ஜியையும் நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோடங்கள் ஒரே நாளில் வெறும் டப்பாவாயின. இப்போது வாங்குவதானால் எல்டிஇ-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். அதிலேயே மெதுவான வகைகளான கேட்-1, கேட்-எம்1 எதுவானாலும் இந்த அளவுத் தரவுக்குத் தாராளம்.

மின்சாரம் இங்கே கொஞ்சம் கணக்குக் கேட்கும். சராசரியாக 1 வாட் எடுக்கும் மோடம் எந்நேரமும் விழித்திருந்தால் 12 வோல்ட்டில் நாளைக்கு 2 ஆம்பியர்-மணி. 10 நாள் மேகமூட்டத்தைத் தாங்க அதற்கு மட்டுமே 20 ஆம்பியர்-மணி வேண்டும். லாகர் தானே திறந்து மூடும் 12 வோல்ட் வாய் இருந்தால் மோடத்தை அதில் மாட்டி, மணிக்கு 10 நிமிடம் மட்டும் எழுப்பலாம், செலவு ஆறில் ஒரு பங்காகிவிடும். உறைந்துபோன மோடம் அடுத்த மணியில் தானாக மறுபிறவி எடுப்பது கூடுதல் லாபம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இது பாதி விடை. எந்நேரமும் விழித்திருக்கும் மோடம் என்றாலும் நாளைக்கு ஒருமுறை மின்சாரத்தை வெட்டிக் கொடுங்கள். நேரத்தை மட்டும் லாகரின் கடிகாரப்படி வையுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அலுவலகக் கணினி ஒரு மணி நேரம் தள்ளிப்போய், மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ரேடியோ

மாதச் சந்தா கிடையாது. யாரும் மூடிவிட முடியாது. இரு முனையும் நம்முடையவை. அதற்கு விலையாக நிலப்பரப்போடு நாமே பேரம் பேச வேண்டியிருக்கும்.

முதலில் உரிமம். உரிமம் வேண்டாத அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பாவில் 863 முதல் 870, இந்தியாவில் 865 முதல் 868. ஓர் இடத்துக்கு வாங்கியதை இன்னோர் இடத்தில் மாட்டக் கூடாது. அமெரிக்க ரேடியோவின் வரிசையில் ஒரு பகுதி பல நாடுகளில் செல்போன்கள் டவரோடு பேசும் இடம். ஐரோப்பிய வரிசையின் பல துண்டுகளில் மணிக்கு 1 சதவீதம், அதாவது 36 நொடிதான் பேச அனுமதி. நாள் தரவுக்கு அதுவே போதும், நிமிடத்துக்கு நிமிடம் விசாரித்துக்கொண்டிருந்தால் போதாது. உரிமம் பெற்ற, இவற்றைவிடத் தாழ்ந்த அலைவரிசையில் பேசும் விஹெச்எஃப், யுஹெச்எஃப் ரேடியோ மேடு பள்ளத்தையும் மரத்தையும் இன்னும் நன்றாகச் சமாளிக்கும், ஆனால் காகித வேலை கூடும்.

அடுத்து பாதை. 915 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டருக்கு வெறும் வெளியிலேயே 112 டிபி இழப்பு. 1 வாட் என்பது 30 டிபிஎம். இருபக்கமும் 6 டிபி ஆண்டெனா, கேபிளில் பக்கத்துக்கு 2 டிபி இழப்பு என்று போட்டால் மறுமுனைக்கு -74 டிபிஎம் வரும். ரேடியோ -105 வரை கேட்கும் என்றால் கையில் 31 டிபி மிச்சம். 20-க்குக் குறையாமல் மிச்சம் இருந்தால் நான் சம்மதிப்பேன். தூரம் இரட்டிப்பானால் 6 டிபிதான் போகும், அதனால் தூரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது நடுவில் இருப்பதைப் பார்த்து.

கண்ணுக்கு மறுமுனை தெரிகிறது என்றால் போதும் என்று நினைப்பது தவறு. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்த சுருட்டு மாதிரி போகிறது. ஃப்ரெனெல் மண்டலம் என்பது இதைத்தான். மேலே சொன்ன 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் ஏறக்குறைய 29 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது 17 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமியின் வளைவும் நடுவில் ஒன்றரை மீட்டர் எழும்பி நிற்கும். இலையுதிர்ந்த காலத்தில் சோதித்து வேலை செய்த பாதை, மழைக்குப் பின் ஈர இலையோடு நிற்கும்போது செத்துப்போகும். ஆகவே சிறந்த நாளில் கிடைத்த அளவை நம்பாதீர்கள்.

கேபிளில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் 10 மீட்டருக்குச் சுமார் 5 டிபி விழுங்கும், அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆண்டெனாவுக்குப் போகும். தடித்த எல்எம்ஆர்-400 என்றால் ஒன்றரை டிபிகூட வராது. ஒரு முனையில் ஆண்டெனாவின் கம்பிகள் செங்குத்தாகவும் மறுமுனையில் கிடையாகவும் இருந்தால் 20 டிபி வரை காணாமல் போகும். காற்றில் திரும்பிக்கொண்ட ஓர் ஆண்டெனாவைச் சரிசெய்ததும் எல்லாம் சரியான அனுபவம் ரேடியோ வைத்திருப்பவர் எல்லோருக்கும் இருக்கும்.

அமைப்பு என்று வரும்போது ரேடியோக்களில் பிணைய எண், தாவல் வரிசை (எந்த அலைவரிசைக்குப் பின் எதற்குத் தாவுவது என்ற ஒழுங்கு), காற்றில் பேசும் வேகம் மூன்றும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். ரேடியோவின் முகவரியும் லாகரின் முகவரியும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். பேக்பஸில் முகவரி 1 முதல் 4094 வரை, புது லாகர் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 1 என்றே வரும். இரண்டு புது லாகர்களை அப்படியே ஒரே ரேடியோ வலையில் விட்டால் யார் பதில் சொல்வது என்று இரண்டும் முட்டிக்கொள்ளும். தனித்தனியே சோதித்தபோது இரண்டும் ஒழுங்காகப் பேசியிருக்கும் என்பதால் ரேடியோவைத்தான் சந்தேகிப்போம்.

ரேடியோவின் தூக்கமும் அமைப்பில் ஒரு பகுதி. எந்நேரமும் காது கொடுத்தால் பல பத்து மில்லிஆம்ப், சில நொடிக்கொருமுறை மட்டும் கண்விழித்துப் பார்த்தால் சில மில்லிஆம்ப். ஆனால் அனுப்பும் பக்கத்து ரேடியோவுக்கும் இது தெரிய வேண்டும். தூங்குபவரை எழுப்ப அது தன் செய்திக்கு முன்னால் நீண்ட முன்னோட்டம் அனுப்பும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பேச்சு விட்டுவிட்டு வரும். கணினி மென்பொருளிலும் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை அதற்கேற்ப நீட்டுங்கள். மாட்பஸின் சீரியல் வடிவமான மாட்பஸ் ஆர்டியு ஓடுகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் மூன்றரை எழுத்து நேரம் மௌனம் வந்தால் செய்தி முடிந்தது என்று பொருள். ரேடியோ ஒரு செய்தியை இரண்டாக வெட்டி அனுப்பினால் இடையில் விழும் மௌனத்தில் எல்லாம் குழம்பும்.

மலை மறைக்கிறது என்றால் நடுவில் ஒரு நிலையத்தை ரிப்பீட்டராக்கலாம். வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்பதால் வேகம் பாதியாகும், அது நமக்குக் கவலையில்லை. கவலை வேறு: நடுவில் இருப்பதன் பேட்டரி இறங்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் ஊமையாவார்கள். அதனால் ரிப்பீட்டருக்கு சோலார் தகடும் பேட்டரியும் மற்றவற்றைவிடப் பெரிதாகவே இருக்கட்டும்.

எதை எங்கே

நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் சிதறிக் கிடந்து, ஒவ்வொன்றிலும் சிக்னல் இருந்தால் சிம்தான். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ ஓர் அணையைச் சுற்றியோ ஏழெட்டு நிலையங்கள் என்றால் ரேடியோ. ஆனால் அந்த ரேடியோ வலை அலுவலகம்வரை வர வேண்டியதில்லை. சிக்னல் நன்றாக இருக்கும் ஒரே ஒரு நிலையத்தில் செல்லுலார் மோடத்தை வைத்து, மற்றவை அதனிடம் ரேடியோவில் பேசட்டும். சந்தா ஒன்று, விபிஎன் ஒன்று, பெரிய பேட்டரி ஒன்று. ஒரு நிலையம் பேசவில்லை என்றால் பிரச்சினை அங்கே, எல்லாமே பேசவில்லை என்றால் வாசலில், அதாவது மோடம் இருக்கும் நிலையத்தில். தொலைபேசி லைன் கொடுத்த அந்தக் காது இப்படித்தான் திரும்பக் கிடைக்கிறது. நான் அமைத்தவற்றில் அதிகம் தொல்லை தராதது இந்தக் கலப்புதான்.

இரண்டும் எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள். இரிடியம் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் குறுஞ்செய்திச் சேவையில் பரவலாகப் பயன்படும் 9602 மோடம் ஒரு தடவைக்கு 340 பைட் வரை மேலே அனுப்பும். மழை அளவுக்கு அது போதும், லாகருக்குள் போய் நிரல் மாற்ற அது வழி அல்ல. வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் தொலைவிலிருந்து அமைப்பை மாற்றும்போது ஓர் ஆபத்து பொது. நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டும் வேலை அது. மோடத்தை எப்போது எழுப்புவது என்பதும் லாகரின் நிரலில்தான் இருக்கிறது. அந்த நிரலில் ஒரு நிபந்தனையைத் தப்பாக எழுதி அனுப்பிய நாளில், லாகர் அதைச் சிரத்தையாக ஏற்று மோடத்தை அணைத்தது, பிறகு எழுப்பவே இல்லை. நான் ஒன்றரை நாள் பயணம் போய் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மோடத்தின் மின்சாரத்தை நிரலின் வேறு எந்த நிபந்தனைக்கும் உட்படாத தனிப் பகுதியில் வைக்கிறேன். கடைசியாகப் பேசி 24 மணி நேரம் ஆகிவிட்டால் பேட்டரி அனுமதிக்கும்வரை மோடத்தை விழித்தே வைத்திரு என்று ஒரு வரியும் அதில் இருக்கும்.

ரேடியோ வலையின் பிணைய எண்ணை மாற்றுவதென்றால் கடைசியில் இருப்பதை முதலில் மாற்றுங்கள், பக்கத்தில் இருப்பதைக் கடைசியில். தலைகீழாகச் செய்தால் முதல் மாற்றத்திலேயே மற்ற எல்லாம் கைவிட்டுப் போகும்.

கொண்டுபோவதற்கு முன் முழு வலையையும் ஒரு வாரம் மேசையில் ஓட்டிப் பாருங்கள். ரேடியோக்களை அருகருகே வைத்து முழு சக்தியில் பேசவிட்டால் ஒன்றின் சத்தத்தில் மற்றொன்றின் காது அடைத்துவிடும். சக்தியைக் குறைத்து, அறையின் இரு மூலைகளில் வையுங்கள். ஆண்டெனா இல்லாமல் மட்டும் மின்சாரம் கொடுக்காதீர்கள், அனுப்பும் சுற்று எரிந்துபோகலாம். அந்த வாரத்தில் வேண்டுமென்றே பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், சிம்மை உருவுங்கள், இணைப்பைப் பாதியில் அறுங்கள். தானாக எழுந்து வராதது எது என்று மேசையிலேயே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு தாளில் பேக்பஸ் முகவரி, ரேடியோவின் பிணைய எண், தாவல் வரிசை, பாட் ரேட், சிம்மின் எண், மோடத்தின் முகவரி, கேபிள் நேர்க்கம்பியா நல் மோடமா என்பதையெல்லாம் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஈரம் ஏறினால் பேனா மை கரைந்துவிடும்.